எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு கண்டக்டர்

போன வாரம் ஏன் பத்தி வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வலது கை மணிக்கட்டு வேலைநிறுத்தம் செய்துவிட்டது... அதுதான் காரணம்.

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் வாசற்படியில் பாசி படரும். நாளைக்குத் தேய்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பாசி நாளை வரைக்கும் காத்திருக்கவில்லை. காலையில் பால் பாக்கெட்டை எடுக்கப் போனவள், படியில் வழுக்கி, கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சத்தம்?" என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியிருக்க மாட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"நான்தான்" என்றேன்.

"அப்படியா" என்றார்.

கை வீங்கிய பிறகுதான் பேப்பரை மடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு, பேங்கில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கு எப்போதும் பேங்கில் ஒரு வேலை இருக்கும்.

எங்கள் மலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. கனமான கதவு. மேலே ஒரு சிவப்பு விளக்கு. வெளியே ஒரு நீள பெஞ்ச். அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் மலையில் யார் யார் எப்படி எப்படி விழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். காபிச் செடிக்கு நிழல் மரம் கழிக்க ஏறி விழுந்தவர் ஒருவர். சேலத்திலிருந்து பைக்கில் வந்து கொண்டை ஊசி வளைவில் சறுக்கிய ஜோடி ஒன்று. அந்தப் பெண்ணுக்குக் காலில் அடி. பையனுக்கு, பெண்ணின் அப்பாவுக்கு எப்படிப் போன் செய்வது என்ற கவலை. படியில் பால் பாக்கெட் எடுக்கப் போய் விழுந்தேன் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விழுந்தவள் மாதிரி தெரியவில்லை. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பேர் பூங்கொடி. நாகலூர்ப் பக்கம் வீடு.

"உங்களுக்கு என்னம்மா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமில்லேன்னு காட்டறதுக்குத்தான் படம் எடுக்க வந்திருக்கறனுங்க."

இங்கே ஒரு போர்டிங் ஸ்கூல் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்கள். இவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் சாப்பிடும் இடம் அல்லவா? நெஞ்சில் சளி, டி.பி. எதுவும் இல்லை என்று எக்ஸ்ரே எடுத்து டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால்தான் அடுப்படிக்குள் விடுவார்களாம்.

"இத்தன வருசமும் எஸ்டேட்டுல காபிப் பழம் பொறுக்குனனுங்க. மழை, அட்டை, குளிரு... இது கூரைக்குக் கீழ வேலைங்க. மாசாமாசம் சம்பளம். நொம்ப நாளா கேட்டுக் கேட்டு இப்பத்தான் அமைஞ்சிருக்குது."

அவள் கணவர் முருகேசன் கொஞ்சம் தள்ளி ஜன்னலோரம் நின்றிருந்தார். காக்கிச் சட்டை, பையில் விசில். நாகலூர், கொட்டச்சேடு பக்கம் போகும் மினி பஸ்ஸில் கண்டக்டர். வணக்கம் என்றேன். தலையை ஆட்டினார். அதோடு சரி.

என் படம் சீக்கிரம் முடிந்துவிட்டது. எக்ஸ்ரே எடுப்பவர் பேர் ஸ்டீபன், மரியாதையான மனிதர். எலும்பு உடையவில்லை, சுளுக்குதான் என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இரண்டு பேருக்குப் போன் செய்து எலும்பு முறிவு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

அடுத்தது பூங்கொடி. அங்கேதான் வந்தது சிக்கல்.

"நகை, செயினு எல்லாம் கழட்டிருங்கக்கா" என்றார் ஸ்டீபன்.

காதில் இருந்ததைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். தாலிக்கொடியில் கை போனதும் நின்றுவிட்டாள்.

"இத மாட்டேனுங்க."

ஸ்டீபனுக்கு இது புதிதல்ல. தினமும் நடக்கிற பேச்சுவார்த்தைதான். "அப்படின்னா சுருட்டி வாயில கவ்விக்குங்கக்கா. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

"எச்சி படுமுங்களே."

"கையில சுத்திக்குங்க."

"கையில கட்டுனா அது தாலிங்களா?"

ஸ்டீபன் என்னைப் பார்த்தார். நான் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். முருகேசன் வராந்தாவை விட்டு இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் எதிர்க்கடை பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு விரலி மஞ்சளும் மஞ்சள் தடவிய கயிறும். தாலியைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் மஞ்சள் கட்டிய கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிறகுதான் கழற்றுவார்கள். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. தாலிக்கும் லீவு வேகன்ஸியில் ஒரு பதிலாள்!

அன்றைக்கு அங்கே இருக்க வேண்டிய ஆயாம்மா வரவில்லை. "அம்மா, அவங்களுக்குக் கவுன் நாடாவ மட்டும் கட்டி விட்டுருங்களேன்" என்று ஸ்டீபன் என்னிடம் சொல்லிவிட்டு, பெண்கள் உடை மாற்றும் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒற்றைக் கையால் கட்டிவிட்டேன். பச்சைக் கவுனுக்குள் மஞ்சள் போய்விட்டது.

"உலோகம் எதுவும் இல்லீங்களே?" என்று சுவரைப் பார்த்தபடி ஸ்டீபன் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள். உண்மைதானே? எல்லாருக்கும் திருப்தி.

ஒரு வாரம் கழித்து நான் கட்டுப் பிரிக்கப் போனபோது அதே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பூங்கொடியின் கண் வீங்கியிருந்தது.

"நெஞ்சுல என்னமோ இருக்குதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். சேலத்துக்குப் போய்ப் பெரிய ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். டி.பி.யாக இருக்கலாமாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாமாம். அந்த 'வேறு ஏதாவது' என்ற வார்த்தையில்தான் அவள் உடைந்து போயிருந்தாள். ஹாஸ்டல் வார்டனோ, திங்கட்கிழமைக்குள் சர்டிபிகேட் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்.

"சேர்வராயன் கோயிலுக்கு வேண்டிட்டிருக்கறனுங்க" என்றாள். முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் எக்ஸ்ரே கவர். "பாக்கறீங்களா?" என்று நீட்டினாள்.

நம் ஊரில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காத மனிதர் யாராவது உண்டா? நமக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு 'ம்...' என்போம். நானும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து 'ம்...' என்றேன். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் எழுந்து வந்து 'ம்...' என்றார்கள்.

விலா எலும்புகளுக்கு நடுவே, ஒரு பக்கமாக, அந்த நிழல் தெரிந்தது. விரல் நீளம் இருக்கும். லேசாக வளைந்து, ஓரத்தில் ஒரு சின்ன முண்டு. எங்கேயோ பார்த்த உருவம். எங்கே... எங்கே... அட, என் சமையலறையில்!

"ஏம்மா, படம் எடுக்கும்போது அந்த மஞ்சள் கழுத்துலதானே இருந்தது?"

"ஆமாங்க. பின்ன?"

படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயசு. படம் எடுத்த அன்று அவர் லீவு. மறுநாள் வந்து படத்தை மட்டும் பார்த்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மஞ்சள் எக்ஸ்ரேல தெரியுமா?"

ஸ்டீபனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "தெரியலீங்க டாக்டர். இதுவரைக்கும் யாரும் மஞ்சளுக்கு எடுத்ததில்லீங்க" என்றார்.

முருகேசன் மறுபடியும் வராந்தாவை விட்டு இறங்கினார். மறுபடியும் எதிர்க்கடை. இந்த முறை மஞ்சளுக்கு எக்ஸ்ரே. அதை எக்ஸ்ரே தட்டின் மேல் படுக்க வைத்து ஸ்டீபன் முழு மரியாதையோடு படம் எடுத்தார். ஆடாமல் அசையாமல் படுத்திருந்த ஒரே பேஷண்ட் அதுதான் என்று பிறகு என்னிடம் சொன்னார். படத்தில் மஞ்சள் தெரிந்தது. வளைவு, முண்டு எல்லாம்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "மஞ்சள் தெரியுதுன்னா, அந்த நிழல் மஞ்சள்தான்னு அர்த்தமில்ல. அதுக்குப் பின்னாடி நிஜமாவே ஏதாவது இருக்கலாம். கழுத்துல ஒண்ணுமே இல்லாம இன்னொரு படம் எடுத்தாத்தான் சொல்ல முடியும்."

கழுத்தில் ஒன்றுமே இல்லாமல்!

பூங்கொடி எழுந்து நின்றுவிட்டாள். "வேலையே வேண்டாமுங்க" என்றாள்.

படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டேன். அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

"இவரு தினமும் அந்த ரோட்டுல போயிட்டு வர்றாருங்க. மழையில, பனியில, ஒரு பக்கம் பள்ளம். பஸ்ஸு சத்தம் கேக்கறவரைக்கும் எனக்குக் காது ரோட்டுலயேதான் இருக்கும். இது கழுத்துல இருக்குதுங்கற தைரியத்துலதான் இருக்கறனுங்க. கழட்டி வெச்ச நேரத்துல இவருக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

"நான் இங்கதான நிக்கறேன்" என்றார் முருகேசன். நான் கேட்ட அவருடைய முதல் வாக்கியம் அதுதான்.

"கதவச் சாத்திருவாங்களே. உள்ளார இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே நிற்கவும் விடமாட்டார்கள், கதிர்வீச்சு. என்ன செய்வது? அவள் கதவைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வெளிய நின்னு பேசிட்டே இருங்க. உங்க சத்தம் கேட்டுட்டே இருந்தா நான் கழட்டறேன்."

முருகேசன் பயந்துபோனார். மலைப்பாதையில் பயப்படாத மனிதர், இதற்குப் பயந்தார். "என்ன பேசறது?"

"எதையாச்சும்."

ஊருக்கெல்லாம் பேசுகிற ஆண்களைக் கவனித்திருக்கிறீர்களா? வாத்தியார், ஏலக்காரர், மேடைப் பேச்சாளர், கண்டக்டர்... வீட்டு வாசலில் செருப்பை விடும்போது குரலையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். என் வீட்டில் இருப்பவர் வெளியிலும் அதிகம் பேசுவதில்லை என்பதால் எனக்குப் பெரிய நஷ்டம் தெரியவில்லை.

அன்று ஆயாம்மா வந்திருந்தார். அவரும் பூங்கொடியும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஆயாம்மா மட்டும் தாலிக்கொடியை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்து முருகேசன் கையில் கொடுத்தார். கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

முருகேசன் இருமினார். கனைத்தார். அப்புறம் அவருக்குத் தெரிந்ததை ஆரம்பித்தார்.

"ஏற்காடு... நாகலூரு, கொட்டச்சேடு! ஏறுங்க, ஏறுங்க. படியில நிக்காதீங்க, உள்ளார போங்க. பின்னால எடமிருக்குது பாருங்க..."

வராந்தாவே அதிர்ந்தது. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவரைப் பிடித்து உட்கார வைத்தோம்.

உள்ளேயிருந்து ஸ்டீபனின் குரல் கேட்டது. "மூச்ச நல்லா இழுத்து... அப்படியே புடிங்க!"

வெளியே சட்டென்று அமைதி. திரும்பிப் பார்த்தால், முருகேசன் நெஞ்சை விரித்து, கன்னம் உப்ப, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! ஆஸ்பத்திரியில் சொன்னால் கேட்க வேண்டும் என்ற பழக்கம்தான், வேறென்ன?

கதவு படாரென்று திறந்தது. பச்சைக் கவுனோடு பூங்கொடி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. முருகேசனின் கையைப் பிடித்துப் பார்த்தாள், தோளைத் தொட்டுப் பார்த்தாள். அவர் புஸ்ஸென்று மூச்சை விட்டார்.

"ஏனுங்க சத்தத்த நிறுத்துனீங்க?" என்று கேட்டு அழுதாள்.

"புடிக்கச் சொன்னாங்க..." என்றார்.

அந்தப் படத்தில் ஒரு தோளும் பாதிக் காதும் மட்டும் பதிந்திருந்தன. டாக்டரம்மா இப்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு தடவைதான். இதுவும் வீணானால் சேலம்தான். ஸ்டீபன் முருகேசனிடம் பொறுமையாக விளக்கினார்: "அண்ணே, மூச்சுப் புடிக்கிறது அவங்களுக்கு மட்டும்தான். நீங்க பேசிட்டே இருங்க. என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க."

கதவு மறுபடியும் மூடியது. முருகேசன் மறுபடியும் நாகலூர் போனார். கொட்டச்சேடு போனார். பதற்றத்தில் பஸ் வேகமாகப் போய்விட்டது போலிருக்கிறது. எல்லா ஸ்டாப்பும் தீர்ந்துவிட்டன. உள்ளே ஸ்டீபன் இன்னும் தட்டைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. முருகேசன் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? "பேசுங்க" என்று கையைக் காட்டினேன்.

கதவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பூங்கொடி... நேத்து வெச்ச கொழம்பு நல்லா இருந்துச்சு. சொல்லோணும்னு நெனச்சேன். சொல்லல."

கொஞ்சம் நிறுத்தினார். நிறுத்தக்கூடாது என்பது ஞாபகம் வந்து அவசரமாகத் தொடர்ந்தார்.

"படத்துல என்னமோ இருக்குதுன்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி நீ அழுதது எனக்குத் தெரியும். கேட்டா, அடுப்புப் பொகைன்னு சொன்னே. நானும் நம்புன மாதிரி படுத்துட்டேன். எனக்கும் தூக்கம் வரல. எனக்கும் நொம்ப பயமாத்தான் இருக்குது, பூங்கொடி."

பஸ்ஸுக்கு எழுந்த பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"மூச்ச நல்லா இழுத்து... புடிங்க!" என்றார் ஸ்டீபன்.

"உனக்கு ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் நான் லீவு போட்டுட்டு சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். வேல போனாப் போவுது. நீ இல்லாம அந்த ஊட்டுல நான் என்ன பண்ணப் போறேன்? எனக்குப் பேச வராது, அவ்வளவுதான். பஸ்ஸுல கத்திட்டு வந்தா ஊட்டுல வாய் வரமாட்டேங்குது. நீ பேசறதக் கேக்கறதுக்குத்தான் நான் ஊட்டுக்கே வர்றேன். நீ பாட்டுக்குப் பேசு... பேசிட்டே இரு..."

"மூச்ச விடலாமுங்க" என்றார் ஸ்டீபன். வராந்தாவில் இருந்த எல்லாரும் விட்டோம்.

பக்கத்தில் இருந்த பெண்மணி என் கண்ணைப் பார்த்தார். மணிக்கட்டு வலி என்றேன்.

பூங்கொடி வெளியே வந்தாள். முருகேசன் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பூங்கொடியின் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"சுத்தமா இருக்கு. ஒரு நிழலும் இல்ல. வேலைக்குப் போகலாம்."

பூங்கொடி மேஜையை விட்டாள். முருகேசன் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டரம்மா, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டபடி. "ஸ்கூல்ல வருசா வருசம் கேப்பாங்க. அடுத்த வருசமும் வந்து இதே மாதிரி எடுக்கணும்."

பூங்கொடி ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள்.

"வருசத்துக்கு ஒருக்காத்தானுங்களா, டாக்டரம்மா?"

"பயப்படாதீங்க, ஒரு தடவை போதும். அடிக்கடி எடுத்தா உடம்புக்கு நல்லதில்ல" என்றார் டாக்டரம்மா.

உடம்புக்கு எது நல்லது என்பது டாக்டர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா, என்ன?